ஃபெயில் ஆவதற்கு ஐந்து விதிகள்

பரீட்சையில் பாஸாகியே தீருவேன் என்று சபதம் போடுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஃபெயிலாகியே தீருவேன் என்று சபதம் போட்டவன் உலகத்தில் நான் ஒருவன்தான். அந்தச் சபதத்திலாவது ஜெயித்தேனா என்று கேட்காதீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

நான் ஒரு லிஃப்ட் கம்பெனியில் ஸ்டோர்ஸ் கீப்பர். உதிரி பாகங்கள் எல்லாம் என் பொறுப்பு. கட்டடத்தின் அடித்தளத்தில் அரைக்கதவு போட்ட ஓர் அறை. அந்த அரைக்கதவின் மேல் ஒரு பலகை. அந்தப் பலகைக்கு இந்தப் பக்கம் நான்தான் ராஜா. எத்தனை பெரிய எஞ்சினியராக இருந்தாலும், ஒரு லிஃப்ட் பட்டன் வேண்டுமென்றால் பலகைக்கு அந்தப் பக்கம் நின்று, "அண்ணே, கொஞ்சம் பாருங்கண்ணே" என்று கெஞ்சியே ஆக வேண்டும்.

காலை பதினொரு மணிக்குப் போனால் போதும். இரவு எட்டுக்குத் திரும்பலாம். மதியம் இரண்டரையிலிருந்து மூன்றேகால் வரை ஒரு பயல் பட்டன் கேட்டு வரமாட்டான். பின்பக்கம் லிஃப்ட் கதவுக்கு ஒட்டுகிற கம்பளித்துணிச் சுருள்கள் அடுக்கியிருக்கும். அதில் இரண்டு சுருளைப் பிரித்துப் போட்டால் மெத்தை. ஒன்று எனக்கு. இன்னொன்று எங்கள் கம்பெனியின் பக்கத்துப் பட்டறை லேத் மாஸ்டருக்கு. அந்த முக்கால் மணி நேரத் தூக்கத்துக்கு ஈடாக எனக்கு யாராவது ஒரு நாட்டைக் கொடுத்தாலும் வேண்டாம் என்பேன்.

இதில்தான் மண் விழுந்தது. ஒருநாள் மேனேஜர் ஓர் அறிவிப்பு ஒட்டினார். மாடியில் கொள்முதல் பிரிவில் ஓர் இடம் காலி. வெளிநாட்டிலிருந்து வருகிற இங்கிலீஷ் கடிதங்களைப் படித்துப் புரிந்துகொள்கிற ஆள் வேண்டும். பத்து வருஷம் சர்வீஸ் முடித்த எல்லாரும் இங்கிலீஷ் வாசிப்புப் பரீட்சை எழுதியே ஆக வேண்டும். ஒரு பத்தி கொடுப்பார்கள். அதில் எப்போது, எங்கே, எத்தனை என்று நுணுக்கமாக இருபது கேள்வி. நான்கு விடைகளில் ஒன்றை டிக் அடிக்க வேண்டும்.

மாடி என்றால் என்ன தெரியுமா? மேனேஜர் அறைக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கூண்டு. நாள் முழுக்க போன் அலறும். காலை எட்டரைக்கு ஆஜராக வேண்டும். கண்ணை மூடினால் நாற்பது பேர் பார்ப்பார்கள். ஒரே நல்லது, ஐந்து மணிக்கு விட்டுவிடுவார்கள். ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும். ஒழுகுகிற குழாய் எல்லாம் நம் வருகைக்குத்தான் காத்திருக்கும்.

விஷயம் என் மனைவியின் காதுக்கு எப்படியோ போய்விட்டது.

"என்னங்க, கம்பெனியில பரீட்சையாமே?"

"ம்."

"பாஸானா அஞ்சு மணிக்கே வீட்டுக்கு வந்துடலாமாமே?"

"ம்."

"நீங்க அஞ்சு மணிக்கு வந்துட்டா எனக்கு எவ்வளவு நல்லாயிருக்கும் தெரியுமா? நான் வந்து..."

"சரிம்மா. பாஸாயிடறேன்" என்றேன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே.

அவள் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போய்விட்டாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு விளையாட்டுப் பக்கத்தைத் திருப்பினேன்.

இங்கே என்னுடைய குடும்ப ரகசியம் ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும். மனைவி சொல்வதற்கெல்லாம் நான் 'சரிம்மா' போடுவேன். ஆனால் செய்வது நேர் எதிராகத்தான். சத்தம் போடாத வீரம். "அந்த நீலச் சட்டை உங்களுக்கு எடுப்பாவே இல்லைங்க, போடாதீங்க" என்றாள். வாரத்தில் நான்கு நாள் அதைத்தான் போடுகிறேன். "பால்கனிக்கு மூங்கில் நாற்காலியெல்லாம் வேணாம், இடத்தை அடைக்கும்" என்றாள். மறுநாளே வாங்கிப் போட்டேன். பாவம், வேறு வழியில்லாமல் சாயந்தரம் அவளே அதில்தான் உட்கார்ந்துகொள்கிறாள். "ஞாயித்துக்கிழமை பாப்பாவைத் தனியா பார்க்குக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க, உங்களால சமாளிக்க முடியாது" என்றாள். எங்கள் பாப்பாவுக்கு ஆறு வயது. ஆறு பேருக்குச் சமம். ஆனாலும் விட்டேனா? ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு மணி நேரம் ஊஞ்சல் ஆட்டித் தோள்பட்டை கழன்றாலும் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டுதான் இருக்கிறேன். ஆம்பிளை என்றால் கொஞ்சமாவது ரோஷம் வேண்டும்.

ஆக, ஃபெயிலாவது என்று முடிவு செய்தாயிற்று. ஆனால் அது நினைத்த மாதிரி சுலபமாக இல்லை. என் மனைவி பாப்பா பிறப்பதற்கு முன்னால் ஒரு டுட்டோரியலில் இங்கிலீஷ் டீச்சர். எட்டு வருஷம் இதே மாதிரி பரீட்சைகளுக்குத்தான் ஆட்களைத் தயார் செய்தாள். மறுநாள் சாப்பாட்டு மேஜையில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தாள்.

"உக்காருங்க. நான் சொல்லித் தரேன்."

"எதுக்கும்மா உனக்குச் சிரமம்?"

"சிரமமெல்லாம் ஒண்ணுமில்ல. அஞ்சே அஞ்சு விதி. அப்புறம் இன்னொண்ணு, கேள்வித்தாளை வீட்டுக்குக் கொண்டு வரணும். ஒவ்வொரு கேள்விக்கும் ஏன் அந்த விடையை டிக் அடிச்சீங்கன்னு கேப்பேன். காரணம் சொல்லணும்."

போச்சு. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் முதல் விடையை டிக் அடித்துவிட்டு வரலாம் என்ற என் முதல் திட்டம் அங்கேயே மண்டையைப் போட்டது.

"முதல் விதி. கேள்வியைப் பார்க்காதீங்க. பத்தியை மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே மூச்சுல படிச்சு முடிங்க. கடைசியிலதான் கேள்வி."

"சரிம்மா."

"ரெண்டாவது. கேள்விக்குப் போனப்புறம் திரும்பப் பத்தியைப் பார்க்கவே கூடாது. மனசுல என்ன நின்னுச்சோ அதுதான் விடை."

"மறந்து போச்சுன்னா?"

"நிக்காதது முக்கியமில்லைன்னு அர்த்தம். மூணாவது, பத்தியில இருக்கற வார்த்தை எந்த விடையில அப்படியே இருக்கோ, அதையே டிக் அடிங்க. நாலாவது, 'எல்லாமே', 'எப்பவுமே', 'மட்டும்தான்'னு அடிச்சுச் சொல்ற விடையை விடாதீங்க. தைரியமா சொல்றவன் பொய் சொல்ல மாட்டான்."

"அஞ்சாவது?"

"உங்க அனுபவம். பத்தியில என்னமோ எழுதியிருக்கட்டும். உங்களுக்கு என்ன தெரியுமோ அதை நம்புங்க. இத்தனை வருஷ சர்வீஸ் சும்மாவா?"

அந்த ஐந்தாவது விதி எனக்கு ரொம்பப் பிடித்தது. என் அனுபவத்தை அவள் மதித்துப் பேசியது அதுதான் முதல் தடவை. மூன்று வாரம் தினமும் பயிற்சி. விதிப்படி டிக் அடித்தேன். அவள் திருத்தினாள். தினமும் "அடேயப்பா, எல்லாமே சரி!" என்றாள். இப்படியே போனால் நான் நிஜமாகவே பாஸாகித் தொலைந்துவிடுவேன்.

ஒரு மதியம் கம்பளிச் சுருளில் படுத்தபடி லேத் மாஸ்டரிடம் புலம்பினேன்.

"மாஸ்டர், தூக்கமே வர மாட்டேங்குது."

"அதான் மணி மூணாகப் போகுதே, ஏன் வரல?"

"பரீட்சை. எது சரியான விடைன்னு தெரிஞ்சாதானே மாஸ்டர் தப்பான விடையைப் போட முடியும்? எனக்கு இருக்கற இங்கிலீஷுக்குத் தப்புன்னு நினைச்சுப் போடறது சரியாப் போயிட்டா?"

"உங்க வீட்ல விதி சொல்லிக் குடுத்தாங்கல்ல?"

"ஆமா."

"அது சரியான விடையைக் கண்டுபிடிக்கற விதிதானே?"

"ஆமா."

"அதை அப்படியே கவுத்துப் போடு. முடிஞ்சுது கதை. தள்ளிப் படு."

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எத்தனை பெரிய மூளை ஒரு லேத் மெஷினுக்குப் பின்னால் வீணாகிக்கொண்டிருக்கிறது! காரணம் கேட்டாலும் பதில் தயார். "பதட்டத்துல விதியெல்லாம் தலைகீழா ஞாபகம் வந்துடுச்சும்மா" என்றால் போயிற்று. அன்று இரண்டு பேரும் மூன்றரை வரை தூங்கினோம்.

பரீட்சை நாள் வந்தது. கான்டீனில் மேஜைகளைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். நீலச் சட்டையோடு போய் உட்கார்ந்தேன். பத்தி ஒரு பழைய ஹோட்டல் லிஃப்டைப் பற்றியது. என் தொழில்! முதல் விதியைக் கவிழ்த்தேன். பத்தியைத் தொடாமல் கேள்வியை முதலில் படித்தேன். 'லிஃப்டின் கம்பிவடத்தை எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாற்றினார்கள்?' இரண்டாவது விதியைக் கவிழ்த்தேன். பத்திக்குத் திரும்பி, கம்பிவடம் என்ற வார்த்தை எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துத் தேடினேன். அகப்பட்டது. 'வருஷத்துக்கு இரண்டு தடவை' என்று எழுதியிருந்தது.

விடைகளைப் பார்த்தேன். முதல் விடை, மாதத்துக்கு இரண்டு தடவை. பத்தியில் இருக்கிற அதே 'இரண்டு தடவை'. மூன்றாவது விதிப்படி இதுதான் சரியான விடை. ஆகவே கூடாது. இரண்டாவது விடை, எப்போதுமே மாற்றிக்கொண்டே இருந்தார்கள். தைரியமான விடை. கூடாது. மூன்றாவது, ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை. எங்கள் கம்பெனி வழக்கம் அதுதான், என் அனுபவம். கூடவே கூடாது. மிச்சம் இருந்தது ஒன்றுதான். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. டிக்.

அர்த்தம் என்ன என்று நான் யோசிக்கவே இல்லை. யோசித்தால் சரியான விடை தெரிந்துவிடுமே என்ற பயம். இப்படியே கேள்வி, விரல், தேடல், கழித்தல், டிக். அத்தனை சந்தோஷமாக நான் பரீட்சை எழுதியதே கிடையாது. பதினெட்டாவது கேள்வியில் ஒரு சந்தேகம் வந்தது. இருபதும் தப்பாகிப் பூஜ்யம் வாங்கினால் வீட்டில் மாட்டிக்கொள்வோமே? ஒன்றாவது சரியாக இருக்கட்டும் என்று அந்த ஒரு கேள்விக்கு மட்டும் மனைவி சொல்லிக் கொடுத்தபடியே அச்சு அசலாக டிக் அடித்தேன். பக்கத்து மேஜையில் லேத் மாஸ்டர் கேள்வித்தாள் மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய முறை என்னுடையதைவிடச் சுலபம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஒரு வாரம் கழித்து மேனேஜர் அடித்தளத்துக்கே இறங்கி வந்தார். அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு, பலகையைத் தாண்டி, உள்ளே வந்தே விட்டார். அந்த எல்லையை யாரும் அதுவரை தாண்டியதில்லை.

"யோவ்! இத்தனை நாள் எங்கய்யா ஒளிஞ்சிருந்தே?"

பின்பக்கம் பிரித்துக் கிடந்த கம்பளிச் சுருளைப் பார்த்துவிட்டாரோ என்று அதை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"இங்கதான் சார், வேலையாத்தான்..."

"இருபதுக்குப் பத்தொம்பது! கம்பெனியிலேயே நீதான் முதல். எஞ்சினியருங்க எல்லாம் பதினாலைத் தாண்டல. அது சரி, அந்தப் பதினெட்டாவது கேள்வி மட்டும் எப்படித் தப்பாச்சு? அதுதான் இருக்கறதுலயே சுலபம்!"

நான் அந்தச் சுருள் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் ஆனந்தம் என்று நினைத்து முதுகில் தட்டினார். லேத் மாஸ்டர் பூஜ்யம் வாங்கி, நிம்மதியாக இரண்டு சுருளையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போய், மேனேஜர் திருத்திக் கொடுத்த கேள்வித்தாளை மேஜையில் வைத்தேன். மனைவி மூங்கில் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தாள். பதினெட்டாவது கேள்வியைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தாள்.

"இது ஒண்ணை மட்டும் நான் சொன்னபடி செஞ்சிருக்கீங்க."

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

"அப்போ... அந்த அஞ்சு விதி?"

"எல்லாம் பொய். டுட்டோரியல்ல முதல் நாளே, 'இதெல்லாம் செய்யாதீங்க'ன்னு கரும்பலகையில எழுதிப் போடற பட்டியல் அது."

"வீட்ல எல்லாமே சரின்னு சொன்னியே?"

"ஒண்ணுகூட சரியில்ல. சிரிப்பை அடக்கிக்கிட்டுத் திருத்தறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?"

"நான் கவுத்துப் போடுவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பதினேழு வருஷத்துல சரின்னு சொன்ன எதையாவது நீங்க செஞ்சிருக்கீங்களா? பேப்பர்லேருந்து தலையைத் தூக்காம சரின்னீங்களே, அப்பவே தெரிஞ்சு போச்சு, ஃபெயிலாகத்தான் திட்டம்னு. நான் வடக்கேன்னா நீங்க தெக்கே போற ஆளு. அதான் தெக்கேன்னு சொன்னேன்."

எனக்குள் ஏதோ சரிகிற மாதிரி இருந்தது. சட்டையைக் குனிந்து பார்த்தேன்.

"இந்த நீலச் சட்டை?"

"எனக்கு ரொம்பப் பிடிச்ச கலருங்க."

"மூங்கில் நாற்காலி?"

"ரெண்டு வருஷமா ஆசைப்பட்டேன்."

"ஞாயித்துக்கிழமை பார்க்?"

"அந்த ரெண்டு மணி நேரம்தான் நான் நிம்மதியா தூங்கறது."

பதினேழு வருஷ வீரம் ஐந்து நிமிஷத்தில் சந்தி சிரித்துவிட்டது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் தவணை முறையில் செய்துவந்திருக்கிறேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"எல்லாம் சரி, என்னை மாடிக்கு ஏத்தி உனக்கு என்ன லாபம்? எந்தக் குழாயைச் சரி பண்ணணும்? சொல்லு."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "டுட்டோரியல்ல திரும்பக் கூப்பிடறாங்க. சாயந்தரம் ஆறுலேருந்து எட்டு. பாப்பாவைத் தனியா விட்டுட்டுப் போக முடியாது. நீங்க அஞ்சு மணிக்கு வந்தா நான் போகலாம்."

"இதை முதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேன். மூணு தடவை. மூணு தடவையும் 'நான் வந்து'ன்னு ஆரம்பிச்சேன், நீங்க 'சரிம்மா'ன்னு முடிச்சுட்டீங்க."

உண்மைதான். ஹோட்டல் லிஃப்டின் கம்பிவடத்தை விரல் வைத்துத் தேடியவன், வீட்டில் மூன்று தடவை சொன்ன வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஆறு வருஷமாக அவள் கரும்பலகைப் பக்கம் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். அவளுக்கு அது குறையாக இருந்தது என்பதுதான் தெரியாது. வெட்கமாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவும் செய்தேன். "பரவாயில்ல விடுங்க" என்றாள். அதற்கு நேர் எதிரான அர்த்தம் இருக்குமோ என்று இரண்டு நாள் பயந்துகொண்டிருந்தேன்.

இப்போது கண்ணாடிக் கூண்டில்தான் இருக்கிறேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவ்வளவு மோசமில்லை. வெளிநாட்டுக் கடிதம் வந்தால் கேள்வியை முதலில் எழுதிக்கொள்கிறேன், பிறகு விரலை வைத்துத் தேடுகிறேன். மேனேஜர் என்னை மேதை என்று நினைக்கிறார். ஐந்தரைக்கு வீட்டில் இருக்கிறேன். பாப்பாவுக்கும் எனக்கும் மூங்கில் நாற்காலிக்குத் தினமும் சண்டை. தினமும் அவள்தான் ஜெயிக்கிறாள். எட்டேகாலுக்கு மனைவி கையெல்லாம் சாக்பீஸ் பொடியோடு வருவாள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்தால் மதியத் தூக்கம் போனதுகூட எனக்குப் பெரிதாகத் தெரிவதில்லை.

போன வாரம் கொஞ்சம் வாட்டமாக இருந்தாள்.

"வகுப்புல ஒம்பதே பேருதாங்க. இன்னும் ஆறு பேராவது சேரலைன்னா மூடிடுவாங்க."

"அப்படியா?" என்றேன், பேப்பரைக் கீழே வைத்து. நான் திருந்திவிட்டேன்.

"அது போகட்டும். நம்ம பரீட்சைக் கதையை மட்டும் வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எழுதிகிழுதி வச்சுடாதீங்க. மானம் போயிடும்."

"சரிம்மா" என்றேன்.

சரியாவது! நான் என்ன அடிமையா? பதினேழு வருஷம் ஏமாந்தது போதும், இந்த ஒரு தடவையாவது அவள் தடுத்ததைச் செய்துகாட்டுவது என்று முடிவு செய்தேன். அன்றைக்கே பேனாவை எடுத்தேன். நடந்தது ஒன்று விடாமல், விதி ஒன்று விடாமல், ஊருக்கே தெரியட்டும் என்று இதோ எழுதி முடித்துவிட்டேன்.

கடைசி வரியை எழுதி நிமிர்ந்தால், பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த என் மனைவி, "வகுப்பு ஆறுலேருந்து எட்டு வரைக்கும்னு சரியா போட்டிருக்கீங்கல்ல?" என்றாள்.